93-க்கும் 0-க்கும் நடுவே பதினாறு ராத்திரிகள்

2020 ஜூன் 19 அன்று என் தம்பி, தான் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு வீடியோ கேமுக்கு 10-க்கு 0 போட்டான். விமர்சன மதிப்பெண்களைத் தொகுத்துக் காட்டும் மெட்டாக்ரிடிக் தளத்தில் அதே நாளில் அதே 0-வைப் போட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஒரு வருடம் கழித்து, செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் பூர்விக வீட்டுக் கூடமான பட்டாலையில் உட்கார்ந்து அந்த கேமை முதலிலிருந்து கடைசிவரை விளையாடி முடித்தான். பதினாறு ராத்திரிகள் ஆயின. பக்கத்தில் அப்பத்தா, பெரியப்பா, அத்தை மகள், நான். பார்த்ததையும் கேட்டதையும் ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதி வைத்தேன்.

அந்த கேம் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2'. விமர்சகர்கள் கொண்டாடி, ரசிகர்களில் பெரும் கூட்டம் கொதித்த கேம் என்று இதைச் சொல்லுவார்கள். அப்படிச் சொல்வது பாதி உண்மைதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கான காரணங்களை அந்தப் பதினாறு ராத்திரிகளை வைத்தே சொல்ல முடியும். கதையின் எல்லாத் திருப்பங்களும் கீழே வரும். இனிமேல்தான் விளையாடப் போகிறவர்கள் முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

எண்கள்

முதல் பாகம் 2013 ஜூனில் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது. பூஞ்சைத் தொற்றால் நாகரிகம் சரிந்துபோன அமெரிக்கா. மகளைப் பறிகொடுத்த ஜோயல் என்ற மனிதன், தொற்று ஏறாத எல்லி என்ற சிறுமியை நாட்டின் குறுக்கே நெடுந்தூரம் கூட்டிப் போகிறான். அவளை அறுத்தால்தான் மருந்து கிடைக்கும் என்று தெரிந்ததும் மருத்துவமனையில் இருந்தவர்களைக் கொன்றுவிட்டு அவளைத் தூக்கி வருகிறான். அவளிடம் பொய் சொல்கிறான். முதல் பாகம் அந்தப் பொய்யோடு முடிகிறது. மெட்டாக்ரிடிக்கில் விமர்சகர்களின் சராசரி 100-க்கு 95.

இரண்டாம் பாகத்தை அதே நாட்டி டாக் நிறுவனம் பிளேஸ்டேஷன் 4-க்காகச் செய்தது. இயக்கம் நீல் ட்ரக்மன், கதையில் அவரோடு ஹாலி கிராஸ், இசை குஸ்தாவோ சாந்தாவோலாயா. வெளியீடு 2020 பிப்ரவரி என்றார்கள், மே என்றார்கள், பிறகு தேதியே இல்லாமல் தள்ளிவைத்தார்கள். அந்த ஏப்ரலில் கதைக்காட்சிகள் இணையத்தில் கசிந்தன. ஒருவழியாக ஜூன் 19-ல் வந்தது. மூன்று நாளில் 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

விமர்சகர்களின் சராசரி 93. கேம் விமர்சனத் தளங்களில் ஐஜிஎன் முழு 10 கொடுத்தது, கேம்ஸ்பாட் 8. பாலிகான் எண் போடவில்லை. ஆனால் அங்கே வந்த விமர்சனம் இந்தக் கதை மனிதர்களைப் பற்றி வைக்கும் கணிப்பையே ஏற்கவில்லை. அதாவது விமர்சகர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசியதாகச் சொல்வது தவறு. பொதுமக்கள் மதிப்பெண்ணோ முதல் நாட்களில் 10-க்கு 4-ஐக்கூடத் தொடவில்லை. போகப்போக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மதிப்பிட்டு அது 5-க்கும் 6-க்கும் நடுவில் போய் நின்றது. முழுதாக முடிக்க இருபத்தைந்து மணி நேரமாவது பிடிக்கும் கேமுக்கு, வந்து சில மணி நேரத்திலேயே பல்லாயிரம் தீர்ப்புகள் விழுந்திருந்தன. அடுத்த மாதமே மெட்டாக்ரிடிக் தன் விதியை மாற்றியது. ஒரு கேம் வெளியாகி 36 மணி நேரம் ஆன பிறகுதான் பொதுமக்கள் மதிப்பெண் போடலாம் என்றானது.

அந்த 0-க்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை அல்ல. எல்லி பெண்ணைக் காதலிப்பவள் என்பதற்காகப் போட்டவர்கள் இருந்தார்கள். அபி என்ற பெண்ணின் புஜங்களைப் பார்த்து வெறுப்பைக் கொட்டியவர்கள் இருந்தார்கள். அபிக்குக் குரலும் நடிப்பும் தந்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல் வரை போனது. இந்த வகைக்கு எந்த நியாயத்தையும் நான் தேடப்போவதில்லை. என் தம்பி போட்ட 0 வேறு வகை. அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை, ஏனென்றால் அதில் அன்பு இருந்தது.

கேதம்

கேம் தொடங்கி இரண்டு மணி நேரம் போவதற்குள் ஜோயல் செத்துப்போகிறான். தான் காப்பாற்றிய ஒரு பெண்ணின் கையாலேயே, கோல்ஃப் மட்டையால், எல்லியின் கண் முன்னால். அந்தப் பெண்தான் அபி. ஜோயல் மருத்துவமனையில் கொன்ற அறுவை மருத்துவரின் மகள்.

தம்பி முதல் பாகத்தை ப்ளஸ் டூ விடுமுறையில் விளையாடியவன். அந்த வருடம்தான் எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, தவறிப்போயிருந்தார். ஜோயல் அவனுக்கு யார் என்று நான் விளக்கத் தேவையில்லை. 2020 ஏப்ரலில் கசிந்த காட்சியைச் சென்னையில் தன் அறையில் தனியாக, போன் திரையில் பார்த்திருக்கிறான். ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டு. முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கேதம் கேட்கப் போவோம். போய் ரொம்பப் பேச மாட்டோம். உட்கார்ந்திருப்போம். செத்தவரைப் பற்றி யாராவது ஒன்று சொல்லுவார்கள், இன்னொருவர் 'ஆமா' என்பார். அப்படி உட்காரும் நேரத்தில்தான் அந்தச் சாவு நடந்தது என்பதே மனசுக்கு எட்டும். கசிந்த காட்சியைப் பார்த்தவர்களுக்கு அந்த உட்காரும் நேரம் கிடைக்கவில்லை. கேமுக்குள் அது இருக்கிறது. ஜோயல் புதைக்கப்பட்ட பிறகு எல்லி அவன் வீட்டுக்குப் போகிறாள். ஒவ்வொரு அறையாக நாம்தான் அவளை நடத்திப் போக வேண்டும். மேஜையில் கிடப்பதை எடுத்துப் பார்க்கலாம். அலமாரியில் தொங்கும் அவன் உடையில் முகத்தைப் புதைக்கிறாள். எதிரி யாரும் இல்லை, சுட எதுவும் இல்லை.

அந்த இடம் வந்தபோது தம்பி கன்ட்ரோலரை அசைக்காமல் நெடுநேரம் வைத்திருந்தான். அப்பத்தா, 'என்னய்யா, நின்னுபோச்சா?' என்றார். 'இல்ல அப்பத்தா, அந்தப் புள்ள அவங்க வீட்டுக்கு வந்திருக்கு' என்றான். அவ்வளவுதான் பேச்சு. ஒரு வருடத்துக்கு முன்பு அவன் 0 போட்ட காட்சிக்கும் இந்தக் காட்சிக்கும் நடுவே விளையாட்டு நேரத்தில் அரை மணி கூட இல்லை.

சொல்லக் கூடாதது

இங்கே ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த வரவேற்பைப் பற்றிப் பேசும்போது பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

விமர்சனங்கள் வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 12 அன்று வந்தன. முன்கூட்டியே கேமைப் பெற்ற விமர்சகர்களுக்கு நிபந்தனைகள் இருந்தன. பின்பாதியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இந்தக் கேமின் உயிரே பின்பாதியில்தான் இருக்கிறது. முதல் பாதி எல்லியாக விளையாடுகிறோம், சியாட்டல் நகரில் மூன்று நாள், பழிவாங்க. உச்சத்தில், அபி துப்பாக்கியோடு எதிரே வந்து நிற்கும்போது, கதை சட்டென்று பின்னோக்கிப் போகிறது. அதே மூன்று நாட்களை இப்போது அபியாக விளையாட வேண்டும். பத்து மணி நேரத்துக்கும் மேல், நாம் வெறுக்கும் பெண்ணின் உடம்புக்குள். 93 என்ற எண் இந்தத் துணிச்சலுக்குக் கிடைத்தது. ஆனால் அந்தத் துணிச்சலின் பெயரைக்கூட விமர்சகர்கள் எழுத முடியவில்லை.

விளம்பரமும் மறைத்தது. 2019-ல் வந்த முன்னோட்டத்தில் எல்லியின் வாயைப் பின்னாலிருந்து பொத்தி, 'உன்னைத் தனியே விடுவேனா' என்ற பொருளில் பேசுவது ஜோயல். கேமில் அந்த இடத்தில் வருவது ஜெஸ்ஸி என்ற இளைஞன். ஜோயல் உயிரோடு இருக்கிறான் என்று நம்பவைக்க ஆளையே மாற்றி வைத்திருந்தார்கள். திருப்பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஜோயலோடு இன்னொரு பயணம் என்று நம்பிப் பணம் கட்டியவனுக்கு வந்த கோபத்தை வெறும் வீம்பு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஆக, ஜூன் மூன்றாம் வாரத்தில் என் தம்பி போன்றவர்களின் கையில் இருந்தது இவ்வளவே: கசிந்த ஒரு நிமிடம், பொய்யான ஒரு முன்னோட்டம், பாதியை மட்டும் பேசிய பாராட்டுகள். பாராட்டுக்கும் தான் பார்த்த ஒரு நிமிடத்துக்கும் சம்பந்தமே இல்லாதபோது, விமர்சகர்கள் விலைபோய்விட்டார்கள் என்று நினைப்பது எளிது. அவன் அப்படித்தான் நினைத்தான்.

பட்டாலை

2021 மே மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தோம். ஐம்பது பேர் கல்யாணம். மே 10-ல் ஊரடங்கு, 24-லிருந்து அது இன்னும் இறுகியது. வருடத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும் வீடு, அந்த முறை நாங்கள் ஐந்து பேர் தங்கியதில் திறந்தே கிடந்தது. வளவில், அதாவது உள்முற்றத்தில், வெயில் இறங்கினால் ஆத்தங்குடிக் கல்லில் கால் வைக்க முடியாது. ஏழு மணிக்கு மேல் பட்டாலையில் டிவியை வைத்துப் பாயை விரிப்போம். கொல்கிற காட்சிகள் அப்பத்தாவுக்கு வேண்டாம் என்று முதல் நாள் நான் தடுத்தேன். 'நான் பாக்காத சாவா?' என்று தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

கேமில் தமிழ் கிடையாது. அத்தை மகள்தான் வரிக்கு வரி சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் முதல் பாகத்தை விளையாடியவளும் இல்லை. இந்த ஒரு விஷயம் எல்லாவற்றையும் மாற்றியது என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

பெரியப்பாவுக்குக் கண் பார்வை வெகுவாகக் குறைந்துவிட்டது. டிவிக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தாலும் நிழல் ஆட்டம்தான். மூன்றாம் ராத்திரி தம்பி அமைப்புகளைத் துழாவி, உயர் மாறுபாட்டுக் காட்சியை ஏற்றினான். சுற்றுப்புறம் முழுக்கச் சாம்பல் நிறமாகிவிடும். நம் ஆட்கள் நீலம், எதிரிகள் சிவப்பு, எடுக்க வேண்டிய பொருள் மஞ்சள். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். 'செகப்பு ரெண்டு பேரு மாடியில நிக்கிறான்டா' என்று தம்பிக்கு வழி சொல்லத் தொடங்கினார். இதுபோல 60-க்கும் மேற்பட்ட வசதிகள் இந்தக் கேமில் இருக்கின்றன. பார்வையே இல்லாதவர்கள் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு முடித்திருக்கிறார்கள். 2020-ன் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் உட்பட ஏழு விருதுகளை இது வாங்கியது. அதில் ஒன்று இந்த அணுகல் வசதிகளுக்காக. சண்டையின் சத்தத்தில் இந்தச் சாதனை அமுங்கிப்போனது. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு.

நிறத்தில் ஒரு சங்கடமும் வந்தது. பின்பாதியில் நாம் அபி. அவளுடைய தோழர்கள் இப்போது நீலம். நேற்றுவரை அவர்களையெல்லாம் சிவப்பாகச் சுட்டோம். பெரியப்பா இதை முதலில் கவனித்தார். 'நேத்து செவப்பா இருந்தவன் இன்னிக்கு எப்படிடா நீலமானான்?' முகங்கள் தெளிவாகத் தெரியாத அவருக்கு, கதை என்ன செய்கிறது என்பது எங்கள் எல்லாருக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

கேம் இதை வேறு வழிகளிலும் செய்கிறது. நாம் ஒருவனைக் கொன்றால் அவன் கூட்டாளி அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். நாய்களுக்கும் பெயர் உண்டு. ஆலிஸ் என்ற நாயை எல்லியாக இருந்து கொல்கிறோம். பல மணி நேரம் கழித்து அதே ஆலிஸ் அபியின் பக்கத்தில் உயிரோடு வாலாட்டுகிறது. இது கொஞ்சம் அழுத்திச் செய்த வேலை. வேறு வழியே தராமல் கொல்லச் சொல்லிவிட்டு, பிறகு ஏன் கொன்றாய் என்று கேட்பது நியாயமா என்ற கேள்வியை அன்றைக்கு எழுதிய கடுமையான விமர்சகர்களும் கேட்டார்கள். மருத்துவமனையில் நோரா என்ற பெண்ணை அடிக்கும் காட்சியில் சதுரப் பொத்தானை நாம் அழுத்தினால்தான் கதை நகரும். தம்பி அழுத்தாமல் பார்த்தான். திரை காத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அழுத்தினான். 'என்னை ஏன் செய்ய வைக்கிறான்?' என்றான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கேமிடமும் முழுப் பதில் இருப்பதாகத் தெரியவில்லை.

யாருக்கு யார் பாக்கி

ஒன்பதாம் ராத்திரி அபியின் கதை தொடங்கியது. சிறுமி அபியும் அவள் அப்பாவும் முள்கம்பியில் மாட்டிக்கொண்ட ஒரு வரிக்குதிரையை விடுவிக்கிறார்கள். அடுத்த சில நிமிடங்களில் அந்த அப்பாவை ஜோயல் கொன்றுபோட்டிருக்கிறான். அத்தை மகள் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். அப்பத்தா அவளை உலுக்கி, 'இது யாரு?' என்று கேட்டார். சொன்னாள்.

அப்பத்தா சொன்னதை அப்படியே நோட்டில் எழுதியிருக்கிறேன்: 'இந்தப் புள்ளையோட அப்பனத்தான அந்த ஆளு கொன்னான்? அப்ப இது வராம என்ன பண்ணும்?'

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. 'நீ முதல் பாகம் பாக்கல அப்பத்தா. அவன் எல்லிக்காகக் கொன்னான்.' அப்பத்தா விடவில்லை. 'யாருக்காகக் கொன்னா என்ன, செத்தது இவ அப்பன்தானே?'

அந்த ராத்திரி நான் நெடுநேரம் தூங்கவில்லை. அப்பத்தாவுக்கும் அத்தை மகளுக்கும் அபியை ஏற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. தம்பிக்கு ஐந்து ராத்திரிகள் ஆயின. மூவரும் பார்த்தது ஒரே திரை. முதல் பாகத்தில் ஜோயலோடு அவன் கழித்த மணி நேரங்கள் மற்ற இருவருக்கும் இல்லை, வித்தியாசம் அவ்வளவுதான். விமர்சகர்களுக்கும் ரசிகர்களுக்கும் இடையிலான பிளவு என்று உலகம் அழைத்தது, என் கண்ணுக்கு முன்னால், துக்கம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான தூரமாக நின்றது. அந்தத் துக்கத்தை உண்டாக்கியதும் இதே நிறுவனத்தின் முதல் பாகம்தான். ஒரு தொடர்ச்சிக்குக் கிடைக்கும் 0 அதன் முதல் பாகத்துக்குக் கிடைத்த பாராட்டாகவும் இருக்கலாம்.

பொதுமக்கள் எல்லாரும் வெறுத்தார்கள் என்பதற்கு எதிரான சான்றுகளும் அழுத்தமானவை. 2020 நவம்பரில் கோல்டன் ஜாய்ஸ்டிக் விருதுகளில், மக்கள் வாக்கில், ஆண்டின் தலைசிறந்த கேமாக இதுவே தேர்வானது. 2021 மார்ச்சில் பிரிட்டனின் பாஃப்டா கேம் விருது விழாவில் நடுவர் குழு சிறந்த கேம் விருதை 'ஹேடிஸ்' கேமுக்குக் கொடுத்தது. மக்கள் வாக்கு விருதோ 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2'-க்குப் போனது. நடுவர்கள் தராததை மக்கள் தந்தார்கள். அதே சமயம் தி கேம் அவார்ட்ஸ் விழாவின் ரசிகர் வாக்கில் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' வென்றது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், விமர்சகர் ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம் என்ற கோடு நிற்காது.

பன்னிரண்டாம் ராத்திரி, தியேட்டர் சண்டை. முன்பு கதை பின்னோக்கிப் போன அதே இடம். நாம் அபி, எதிரே ஒளிந்து ஒளிந்து தாக்குவது எல்லி. நாம் எல்லியை அடிக்க வேண்டும். தம்பி மூன்று முறை வேண்டுமென்றே தோற்றான். எல்லி அபியைக் கொல்லட்டும் என்று விட்டான். மூன்று முறையும் கேம் அவனைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியது. நான்காம் முறை கன்ட்ரோலரை அத்தை மகளிடம் கொடுத்துவிட்டு முகப்புக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டான். அவள் முடித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

இந்தக் கேமைப் புகழ்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாத இடமும் ஒன்று உண்டு. தியேட்டருக்குப் பிறகு கதை, எல்லி தன் காதலி டினாவோடும் டினாவின் குழந்தையோடும் வாழும் பண்ணை வீட்டில் ஓய்கிறது. அங்கிருந்து அபியைத் தேடி சான்டா பார்பராவுக்கு மறுபடியும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே வரும் அடிமை வியாபாரக் கும்பலுக்கு முகமே கிடையாது. சாகிறவனுக்கெல்லாம் பெயர் வைத்த ஒரு கேம், இவர்களைச் சுடும்போது மட்டும் நம்மை உறுத்தாமல் விட்டுவிடுகிறது. பெரியப்பாவும் அன்று சிவப்பைச் சொல்லவில்லை, கண்ணயர்ந்துவிட்டார். அதன் பிறகு வரும் கடற்கரையோ வேறு தரம். கம்பத்தில் கட்டப்பட்டு, முடி வெட்டப்பட்டு, எலும்பாக இளைத்துப்போன அபியை எல்லி அவிழ்த்துவிடுகிறாள். பிறகு அவளோடே சண்டைக்கு நிற்கிறாள். எல்லி அவளைத் தண்ணீரில் அமுக்கும்போது அப்பத்தா எழுந்தே நின்றுவிட்டார். 'விட்ருய்யா, விட்ரு' என்றார், அது தம்பியின் கையில் இல்லை என்று தெரியாமல். எல்லி விட்டாள்.

கடைசியில் எல்லி பண்ணை வீட்டுக்குத் திரும்புகிறாள். டினாவும் குழந்தையும் இல்லை. அறைகள் காலி. ஜோயல் கொடுத்த கிதாரை எடுக்கிறாள். இரண்டு விரல்கள் போய்விட்டதால் அவன் சொல்லிக்கொடுத்த பாட்டு வரவில்லை. கிதாரை ஜன்னலோரம் சாய்த்துவிட்டு நடந்து போய்விடுகிறாள். 'அத ஏன் விட்டுட்டுப் போகுது?' என்று கேட்ட அப்பத்தாவுக்கு அத்தை மகள் விரல்களைக் காட்டிச் சொன்னாள். அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் பாயைச் சுருட்டத் தொடங்கினார்.

மறுநாள் காலை எல்லாரிடமும் மதிப்பெண் கேட்டு நோட்டில் ஏற்றினேன். பெரியப்பா 9. அத்தை மகள் 8. நான் 9. 'மார்க்குப் போட நான் என்ன வாத்தியாரா ஆத்தா?' என்றார் அப்பத்தா. அவர் பெயருக்கு நேரே கோடு.

தம்பி நோட்டை வாங்கிக்கொண்டான். தன் பெயருக்கு நேரே '19.6.2020 – 0' என்று எழுதினான். அதை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. அதற்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டு 8 என்று எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம். 'ரெண்டும் இருக்கட்டும் ஆச்சி' என்றான். 'மேல இருக்கறது கேமுக்குப் போட்டது இல்ல.'